விழுந்த குழந்தைக்கு ஸ்கேன் வேண்டுமா? மருத்துவர் எதை வைத்து முடிவெடுக்கிறார்

ஒன்றரை வயதுக் குழந்தை சோஃபாவிலிருந்து விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. பதறியடித்து அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், மருத்துவர் தலையை விரலால் தடவிப் பார்க்கிறார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, உடனே அழுததா, வாந்தி எடுத்ததா என்று நாலு கேள்வி கேட்கிறார். குழந்தை அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில், "ஸ்கேன் வேண்டாம், சில மணி நேரம் இங்கேயே இருங்கள், பார்க்கலாம்" என்கிறார். பெற்றோருக்கு இது அலட்சியமாகத் தோன்றும். "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே டாக்டர்?" என்ற கேள்வி அங்கே வராமல் இருக்காது.

உண்மையில் அவர் எதையும் விட்டுவிடவில்லை. அந்த நாலு கேள்விக்கும், கண்ணாடியைப் பிடுங்கும் கையைப் பார்த்ததற்கும் பின்னால் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு இருக்கிறது. அதற்குப் போகும் முன், சின்னக் குழந்தைகள் ஏன் தலையில் அடிபடும்படியே விழுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. எடை மேலே குவிந்திருப்பதால், கட்டில் விளிம்பில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே குழந்தை கவிழ்ந்துவிடும். அந்தத் தலையைத் தாங்கிப் பிடிக்கிற பலம் கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வந்திருக்காது. கீழே போகும்போது கையை முன்னால் நீட்டி ஊன்றிக்கொள்ளும் அனிச்சைச் செயலும் பிறவியிலேயே கிடையாது. 6 மாதம் முதல் 9 மாதத்துக்குள்தான் பெரும்பாலும் உருவாகிறது. ஆனால் புரளுவது அதற்கு முன்பே, நாலைந்து மாதத்திலேயே தொடங்கிவிடும். புரளத் தெரியும், ஊன்றத் தெரியாது என்கிற இந்த இடைப்பட்ட மாதங்களில்தான் கட்டிலிலிருந்தும் உடை மாற்றும் மேசையிலிருந்தும் விழுவது அதிகம் நடக்கிறது.

மண்டையோடும் நம்முடையதைப் போன்றதல்ல. தனித்தனித் தகடுகளாக, நடுவில் இணைப்புகளோடு இருக்கும். முன்பக்க உச்சிக்குழி மூடுவதற்கு ஒரு வயது, ஒன்றரை வயது ஆகும். எலும்பு மெல்லியது, வளையக்கூடியது. கைக்குழந்தைகளுக்கு எலும்பு உடையாமலே உள்ளே குழிந்துபோவதும் உண்டு. அழுத்திய பிங்பாங் பந்தைப் போல இருப்பதால் மருத்துவர்கள் அதற்குப் பிங்பாங் முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நெகிழ்வால் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. உள்ளே வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ மண்டையோடு கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுப்பதாலேயே, ஆபத்தைக் காட்டும் அறிகுறிகள் தாமதமாகவும் மங்கலாகவும் வரும். மூன்று மாதத்துக்கும் குறைவான குழந்தை தலையில் அடிபட்டால், சிரித்துக்கொண்டிருந்தாலும் மருத்துவர்கள் கூடுதலாக எச்சரிக்கை காட்டுவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது. கைக்குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும். 5 கிலோ குழந்தைக்கு மொத்தமே 400 மில்லிலிட்டர். உச்சந்தலைத் தோலுக்கு அடியில் 100 மில்லிலிட்டர் தேங்கினால் உடலிலுள்ள ரத்தத்தில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். தலையில் பரவலாக மெத்தென்று வீங்கி, குழந்தை வெளுத்துப் போயிருந்தால், மூளையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அது அவசரம்.

விழும் உயரத்தை ஏன் அவ்வளவு துருவிக் கேட்கிறார்கள்? 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் அரை நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும்; அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். 3 மீட்டர் என்றால் 28 கிலோமீட்டர். ஆனால் மூளைக்குச் சேதம் செய்வது வேகம் மட்டுமல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதும்தான். 1 மீட்டர் விழுந்த தலை கடினமான தரையில் பட்டு 5 மில்லிமீட்டருக்குள் நின்றால், அது தாங்கும் வேகக்குறைப்பு சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 200 மடங்கு. அதே தலை 5 சென்டிமீட்டர் அமுங்கும் பரப்பில் நின்றால் 20 மடங்குதான். விளையாட்டுத் திடல்களின் தரைக்கான ஐரோப்பிய, அமெரிக்கத் தரநிலைகள் உச்ச வரம்பாக வைத்திருப்பதும் இந்த 200 மடங்கைத்தான். அதனால் "எதன் மேல் விழுந்தது?" என்ற கேள்வி "எங்கிருந்து விழுந்தது?" என்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. தரைவிரிப்பா, டைல்ஸா, மேசை முனையா என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

அதே சமயம், குறைந்த உயரத்திலிருந்து விழுவதால் உயிருக்கு ஆபத்து வருவது மிக மிக அரிது. 1.5 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து விழுந்து இறக்கும் வாய்ப்பு, சின்னக் குழந்தைகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டிலிலிருந்து விழுந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு புடைப்போடு தப்பிவிடுகிறார்கள்.

சரி, அந்தப் பெரிய கணக்குக்கு வருவோம். தலையில் அடிபட்டு வந்த 42,412 குழந்தைகளை, வட அமெரிக்காவின் 25 அவசரப் பிரிவுகளில், நேதன் கப்பர்மேன் தலைமையிலான குழு பின்தொடர்ந்து கவனித்தது. முடிவுகள் 2009-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தன. அவர்களில் 35 சதவீதம் பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் மருத்துவரீதியாகப் பொருட்படுத்த வேண்டிய மூளைக் காயம் இருந்தது 376 பேருக்குத்தான், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு. யாரை ஸ்கேன் எடுக்காமலே நிம்மதியாக அனுப்பலாம் என்று கண்டுபிடிப்பதே அந்த ஆய்வின் நோக்கம். அதில் பிறந்த விதிகளைத்தான், ஆய்வை நடத்திய மருத்துவமனைக் கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை வைத்து, பெகார்ன் விதிகள் என்கிறார்கள்.

2 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கின்றன அந்த விதிகள். குழந்தை மந்தமாகவோ, குழம்பியோ, எரிச்சலோடோ, வழக்கத்துக்கு மீறிய தூக்கக் கலக்கத்திலோ இருக்கிறதா? தடவினால் எலும்பு உடைந்தது கைக்குத் தெரிகிறதா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், பொருட்படுத்த வேண்டிய மூளைக் காயம் இருக்கும் ஆபத்து 4.4 சதவீதம், ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடுத்த நான்கு: நெற்றி தவிர்த்து வேறு இடத்தில் வீக்கம், 5 நொடி அல்லது அதற்கு மேல் நினைவு தப்பியது, 3 அடிக்கு மேலிருந்து விழுந்தது போன்ற பலமான அடி, "இவன் எப்பவும் போல இல்லை" என்று பெற்றோர் சொல்வது. இவற்றில் ஏதாவது இருந்தால் ஆபத்து 1 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே உடனே ஸ்கேனா, கொஞ்சம் காத்திருப்பதா என்பது வயது, மருத்துவரின் அனுபவம், எத்தனை அறிகுறிகள் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆறில் ஒன்றுகூட இல்லையென்றால் ஆபத்து 5,000-ல் ஒன்றுக்கும் குறைவு. 2 வயதுக்கு மேலானால் பட்டியல் கொஞ்சம் மாறும்: வாந்தி, கடுமையான தலைவலி, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான அடையாளங்கள் சேரும், உயரத்தின் வரம்பு 5 அடியாகும்.

பெற்றோரின் வார்த்தை அந்தப் பட்டியலில் ஓர் இடம் பிடித்திருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். குழந்தையை முதன்முறையாகப் பார்க்கிற மருத்துவருக்கு அது இயல்பாகவே அமைதியான குழந்தையா, அடிபட்டதால் அமைதியாகிவிட்டதா என்று தெரியாது. "வழக்கமாக இந்நேரம் ஓர் இடத்தில் உட்காரவே மாட்டாள்" என்று தாய் சொல்லும் ஒரு வரி, நல்ல பரிசோதனைக்குச் சமமான தகவல். சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இனி, புடைப்பு. நெற்றி எலும்பு தடிமனானது, அங்கே ரத்த ஓட்டமும் அதிகம். அதனால் நெற்றியில் அடிபட்டால் பயமுறுத்தும் வேகத்தில் வீங்கும், பிறகு நிறம் மாறிக் கண்ணிமைவரை இறங்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. பக்கவாட்டில், காதுக்கு மேலே, அல்லது பின்மண்டையில் வரும் வீக்கம் சிறியதாக இருந்தாலும் கவனம் தேவை. கைக்குழந்தைகளுக்கு அதிகமாக உடைவது பக்கவாட்டு எலும்புதான். அந்த வீக்கம் மெத்தென்று, தலைமுடிக்குள் மறைந்திருக்கும். விழுந்த அன்று தெரியாமல், மறுநாள் தலை துவட்டும்போது கையில் படுவதும் உண்டு. அப்படிக் கண்டால், குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும்.

தொட்டுப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோலுக்கடியில் ரத்தம் உறையும்போது ஓரம் கெட்டியாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். விரல் வைத்தால் நடுவில் எலும்பே உள்ளே போய்விட்டதைப் போலத் தோன்றும். அனுபவமுள்ள விரல்களும் ஏமாறும் இடம் இது. வீட்டில் அழுத்திப் பார்ப்பதும் தேய்த்துவிடுவதும் எந்த விதத்திலும் உதவாது. துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் லேசாக வைத்தால் போதும்.

எலும்பில் விரிசல் என்று கேட்டதும் பெற்றோர் இடிந்துபோகிறார்கள். நேர்கோடாக ஒரு விரிசல் மட்டும், உள்ளே ரத்தக் கசிவு இல்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் சில மணி நேரக் கண்காணிப்புக்குப் பின் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். சில மாதங்களில் எலும்பு தானாகக் கூடிவிடும். அரிதாக, குறிப்பாக 3 வயதுக்குக் கீழே, விரிசலின் அடியில் மூளையைச் சுற்றியுள்ள உறையும் கிழிந்திருந்தால், எலும்பு கூடுவதற்குப் பதிலாக இடைவெளி வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் சில வாரங்கள் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். குழந்தை சரியாகத்தானே இருக்கிறது என்று அந்த முறை போகாமல் விடக் கூடாது.

இவ்வளவு யோசிப்பதற்கு, எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன? சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிர்வீச்சைக் கொண்டுதான் எடுக்கப்படுகிறது; வளரும் மூளையும் எலும்பு மஜ்ஜையும் கதிர்வீச்சால் அதிகம் பாதிக்கப்படுபவை. சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு 2012-ல் வந்தது. 10 வயதுக்குள் தலையில் எடுக்கப்படும் ஒவ்வொரு 10,000 ஸ்கேனுக்கும், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அதன் மதிப்பீடு. தனி ஒரு குழந்தைக்கு இது சின்ன ஆபத்துதான். தேவைப்படும்போது மறுக்கவே கூடாது. ஆனால் ஆறு அறிகுறிகளில் ஒன்றும் இல்லாத குழந்தைக்கு, ஸ்கேனால் வரும் சின்ன ஆபத்தும் விழுந்ததால் வரும் ஆபத்தும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இறங்கிவிடுகிறது. போதாததற்கு, ஓடியாடும் குழந்தையை அசையாமல் படுக்கவைக்கச் சில சமயம் மயக்க மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கும். பெற்றோரின் பதற்றத்தைத் தணிப்பதற்காக மட்டும் எடுக்கும் ஸ்கேன் நல்ல மருத்துவம் அல்ல என்பதே என் எண்ணம்.

காத்திருப்பதும் ஒரு பரிசோதனைதான். அடிபட்டதிலிருந்து 4 முதல் 6 மணி நேரம் கண்காணிப்பது வழக்கம். மூளைக்கு வெளியே ரத்தம் கசிந்தால் அது சேரச் சேர அழுத்தம் கூடும், அந்த மாற்றம் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும். பக்கவாட்டு எலும்பு உடைந்து, அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், முதலில் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு திடீரென்று மோசமாவது நடக்கக்கூடியது. பெரிய பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் இது அதிகம். கைக்குழந்தைகளுக்கு மூளை உறை எலும்போடு ஒட்டியிருப்பதால் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் 24 மணி நேரம் நன்றாகக் கவனிக்க வேண்டும், அடுத்த நாளும் ஒரு கண் இருக்கட்டும். அழுத வேகத்தில் ஒரு தடவை வாந்தி எடுப்பது குழந்தைகளுக்குச் சகஜம். அந்த ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, குறிப்பாகச் சில மணி நேரம் கழித்து ஆரம்பிப்பது, வேறு கதை. வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், சமாதானப்படுத்தவே முடியாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைப்பது, நடந்துகொண்டிருந்த குழந்தை தள்ளாடுவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிவது, காதுக்குப் பின்னால் அல்லது இரு கண்களைச் சுற்றியும் கருநீலம் படிவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவில்லாமல் கிடந்தாலோ பெரிய உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். உலுக்கி எழுப்பவே கூடாது.

தூங்கவிடலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. தூங்கினால் கோமாவுக்குப் போய்விடும் என்ற பயத்தில், களைத்துப்போன குழந்தையை மணிக்கணக்கில் விழிக்கவைக்கிறவர்கள் உண்டு. அழுது ஓய்ந்த குழந்தை தூங்குவது இயற்கை. அதுவரை சரியாக இருந்து, வழக்கமாகத் தூங்கும் நேரமும் வந்துவிட்டால் தூங்கவிடலாம். இடையில் போய் மூச்சும் நிறமும் சரியாக இருக்கின்றனவா, தொட்டால் வழக்கம்போல நெளிகிறதா என்று பார்த்தால் போதும். வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடவே கூடாது, அது ரத்தக் கசிவைக் கூட்டும்.

மருத்துவர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கும்போது சிலருக்குக் கோபம் வரும். எப்படி விழுந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், எப்போது, ஏன் உடனே வரவில்லை? இன்னும் புரளவே தொடங்காத குழந்தையின் உடலில் கன்றிய அடையாளங்கள், சொல்லும் கதைக்குப் பொருந்தாத காயம், மூளை உறைக்கடியில் ரத்தக் கசிவோடு விழித்திரையிலும் கசிவு, இவையெல்லாம் யாரோ குழந்தையைத் துன்புறுத்தியிருக்கலாம் என்பதைக் காட்டக்கூடியவை. பேச்சே வராத நோயாளிக்காக யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் நடந்ததை நடந்தபடி சொல்வதே நல்லது. "என் கையிலிருந்துதான் நழுவியது" என்பதைக் கூச்சப்பட்டு "கட்டிலிலிருந்து விழுந்தது" என்று மாற்றினால், உயரம் பாதியாகிவிடும், மருத்துவரின் கணக்கும் தப்பாகிவிடும்.

தடுப்பதைப் பற்றி "எப்போதும் கவனமாக இருங்கள்" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரை நொடிக்குள் நடந்து முடியும் ஒன்றை எந்தக் கண்ணும் தடுக்காது. பொருளையும் இடத்தையும் மாற்றிய இடங்களில்தான் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. நியூயார்க் நகரில், குழந்தைகள் ஜன்னல் வழியாக விழுந்து இறப்பதைப் பார்த்து 1972-ல் சுகாதாரத் துறை ஓர் இயக்கம் தொடங்கியது. ஜன்னல் கம்பித் தடுப்புகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பிராங்க்ஸ் பகுதியில் இரண்டு ஆண்டுகளில் அப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976-ல், சிறு குழந்தைகள் உள்ள அடுக்குமாடி வீடுகளில் தடுப்பு கட்டாயம் என்று அந்த நகரம் விதி கொண்டுவந்தது. கொசுவலை தடுப்பாகாது, குழந்தை சாய்ந்தால் வலையோடு சேர்ந்துதான் போகும். கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலியோ கட்டிலோ இருக்கக் கூடாது.

சக்கரம் வைத்த வாக்கர் இன்னோர் உதாரணம். அதில் உட்கார்ந்த குழந்தை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நகரும்; படிக்கட்டு வந்தால் நிற்கத் தெரியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் காயங்களோடு அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அடி தலையிலோ கழுத்திலோதான், நாலில் மூன்று பேர் படிக்கட்டில் உருண்டவர்கள். கனடா 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. சீக்கிரம் நடக்கவைக்கும் என்று வாங்குகிறார்கள். அது நடையைச் சீக்கிரப்படுத்துவதும் இல்லை.

படிக்கட்டில் தனியாக உருளும் குழந்தைக்கு விழுவது சின்னச் சின்ன அடிகளாகப் பிரிந்துவிடும். பெரியவர் கையில் இருக்கும்போது அவர் சறுக்கினால் அப்படியில்லை: முழு உயரமும், சில சமயம் அவருடைய எடையும் சேர்ந்து ஒரே அடியாக விழும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும், ஃபோன் பையில் இருக்கட்டும். படியின் மேல் முனையில் வைக்கும் தடுப்புக் கதவைச் சுவரில் திருகு போட்டு முடுக்க வேண்டும். இரு பக்கமும் அழுத்தி நிறுத்தும் வகை கீழ் முனைக்குச் சரி. மேலே வைத்தால் குழந்தை சாயும்போது கதவும் பெயர்ந்து கூடவே வரும்.